கரிகிரிச் செருப்பும் ஆம்பூர் ஷூவும்: நடந்து ஆடும் ஆட்டத்துக்கு ஏற்ற காலணி

டிஸ்க் கோல்ஃப் கையால் ஆடப்படும் ஆட்டமாகத் தோன்றினாலும் அதில் முதலில் களைப்பது கால்தான். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாக, பெரும்பாலும் 150 முதல் 180 கிராம் வரை எடையுள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எறிந்து, கம்பத்தில் தொங்கும் சங்கிலிகளில் பட்டுக் கீழேயுள்ள கூடையில் விழச் செய்வதே இவ்வாட்டத்தின் நோக்கம். தட்டு விழுந்த இடத்துக்கு நடந்து சென்று, அங்கிருந்து மறுபடியும் எறிந்து, மிகக் குறைந்த எறிகளில் கூடைகளை முடிப்பவர் வெல்கிறார். பறக்கும் தட்டின் வடிவத்தைச் செம்மைப்படுத்தியவரான எட் ஹெட்ரிக் 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைத்த களமே இவ்வாட்டத்தின் முதல் நிரந்தரக் களமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. வழக்கமான களத்தில் 18 கூடைகள் இருக்கும். அவற்றை முடிப்பதற்குள் புல்வெளி, தோப்பு, சரிவு, ஓடைக்கரை எனப் பல வகை நிலத்தில் பல கிலோமீட்டர் நடக்க நேரும். தவறி எறியப்பட்ட தட்டு பாதையில் விழுவதில்லை, புதரில் விழுகிறது என்பதால், நன்றாக ஆடத் தெரியாதவருக்குத்தான் நல்ல காலணி அதிகம் தேவைப்படுகிறது என்றும் சொல்லலாம்.

நடையோடு முடிந்தால் சிக்கலில்லை. நடைக்கு நடுவே திருகலும் வருகிறது. வலக்கைக்காரர் ஒருவர் தொலைவுக்கு எறியும்போது சில அடிகள் வேகமாக முன்வந்து, ஒரு காலை மற்றொன்றின் பின்னால் குறுக்கே வைத்து, வலக்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பித் தட்டை விடுகிறார்; விட்ட பிறகு உடலின் சுழற்சி முழுவதும் ஊன்றிய பாதத்தின் மேல், சிறப்பாகக் குதிகாலின் மேல், தீர்ந்தாக வேண்டும். அடிப்பாகம் தரையை விடாமல் கவ்விக்கொண்டால் அந்தச் சுழற்சி முழங்காலுக்குப் போகும். கவ்வாமல் வழுக்கினால் ஆட்டக்காரர் விழுவார். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் எறியும்போது, எறிந்தபின் நிலைதடுமாறி முன்னே காலெடுத்து வைப்பதை விதி அனுமதிப்பதில்லை. ஆகவே இவ்வாட்டத்துக்கான காலணி மலையேறுபவரின் ஷூவைப் போல முள்ளையும் கல்லையும் தாங்க வேண்டும், உள்ளரங்க விளையாட்டு ஷூவைப் போலக் காலைத் திரும்ப விட வேண்டும், நெடுந்தூர நடைக்கான செருப்பைப் போலக் காலை நோகச் செய்யாமலும் இருக்க வேண்டும். மூன்றையும் முழுமையாகத் தரும் காலணி இல்லை என்பதால், எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி.

இக்கேள்விக்கு வேலூர், ஆம்பூர் வட்டாரத்திலிருந்து விடை தேடுவதற்குக் காரணம் உண்டு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டியும் அதன் சுற்றுப்புறத்திலும் அமைந்த இவ்வூர்கள், 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என வெவ்வேறு ஆட்சியர்களின் கீழ் வந்தாலும், தொழிலால் இன்றும் ஒரே பட்டைதான். தோலைப் பதனிடுவதிலும் ஷூ தைப்பதிலும் இப்பட்டைக்கு உள்ள பெயரை எல்லோரும் அறிவர். காலணியில் சுகம் என்பது என்ன, பாதம் எதனால் புண்படுகிறது என்ற கேள்விகளை அறிவியல் முறையில் ஆராய்ந்து, அதற்கேற்ற செருப்பை உருவாக்கிய இடங்களுள் ஒன்றும் இதே வேலூர்தான் என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. விளையாட்டுக் காலணி விளம்பரங்களைப் படித்து ஷூ வாங்குபவர், அதற்கு முன் கரிகிரித் தொழுநோய் மையத்தின் அனுபவத்தைத் தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்து, இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்ற பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்ற நம்பிக்கை அப்போது மருத்துவர்களிடையே கூட வலுவாக இருந்தது. நோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கிறது, உணர்ச்சி இல்லாததால் நோயாளி தன்னையறியாமல் தன் பாதத்தைக் காயப்படுத்திக்கொண்டே இருக்கிறார், புண்ணும் இழப்பும் அதன் விளைவுகளே என்று பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் நிறுவினர். வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கிய ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி மையம் இப்பணியின் களமாயிற்று. பிராண்ட் 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிறகும் இதே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

பாதம் புண்படும் வழிகளைப் பிராண்ட் பகுத்துக் காட்டிய முறை, நோயாளிகளுக்கு மட்டுமன்றி நடக்கும் எவருக்கும் பொருந்தும். முதலாவது, முள்ளோ ஆணியோ கூர்ங்கல்லோ சிறு இடத்தில் பேரழுத்தம் தந்து தோலைத் துளைப்பது. இரண்டாவது, இறுக்கமான ஷூ மிகக் குறைந்த அழுத்தத்தையே, ஆனால் மணிக்கணக்கில் விடாமல் தருவதால், அந்த இடத்துக்கு இரத்தம் செல்வது தடைபட்டுத் திசு சாவது. மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: ஓரளவான, தனியாகப் பார்த்தால் தீங்கற்ற அழுத்தம், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விழும்போது அங்கே அழற்சி உண்டாகி, அதற்குப் பிறகும் நடை தொடர்ந்தால் புண்ணாக மாறுவது. உணர்ச்சி உள்ளவர் இந்த அழற்சி தொடங்கியதுமே, யோசிக்காமலேயே, அடியெடுத்து வைக்கும் விதத்தை மாற்றிக்கொள்கிறார், சற்றே நொண்டுகிறார், காலின் வெளிப்புறத்துக்குப் பாரத்தை நகர்த்துகிறார். உணர்ச்சி இழந்தவர் முதல் அடியைப் போலவே பத்தாயிரமாவது அடியையும் வைக்கிறார். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் சுற்றுபவர்களில் பெரும்பாலோர் புண்ணின்றித் திரும்புவதற்கு அவர்களது பாதத் தோலின் தடிப்பைப் போலவே இந்த இடைவிடாத சிறு திருத்தங்களும் காரணம்.

இந்த அறிவிலிருந்து பிறந்ததே எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்பதன் சுருக்கமான இப்பெயர், கண்ணுக்கு எளிதில் தெரியாத மூடிய காற்றறைகள் நிறைந்த ரப்பரைக் குறிக்கும். வீட்டில் போடும் ஹவாய் செருப்பின் அடிப்பாகமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் மருத்துவச் செருப்பில் பயன்படுவது அதைவிட மென்மையானது. ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் என்ற அளவையில் 15 என்பது காலுக்கு அடியில் வைக்கும் எம்.சி.ஆருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. இம்மென்மையான தகடு பாதத்தின் மேடுபள்ளங்களுக்கேற்ப அமுங்கி, எலும்பு துருத்தும் சில இடங்களில் மட்டும் விழும் பாரத்தைப் பாதம் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கிறது. ஆனால் அது செருப்பின் பாதிதான். மென்மையான தகட்டுக்குக் கீழே முள் ஏறாத கடினமான ரப்பர் அடிப்பாகம், பாதம் முன்பின் வழுக்காதபடி குதிகாலைச் சுற்றிய பட்டை, வீங்கும் காலுக்கேற்பத் தளர்த்தவும் இறுக்கவும் கூடிய வார், தேய்ந்த பிறகு காலில் ஏறிவிடும் என்பதால் ஆணியே அடிக்காத கட்டுமானம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அது கரிகிரிச் செருப்பு. இன்று நாடெங்கும் நீரிழிவு நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதித் தருவதும் இக்கொள்கையில் அமைந்த செருப்பையே.

மென்மையும் சுகமும் ஒன்றல்ல என்ற தெளிவை டிஸ்க் கோல்ஃப் ஆட்டக்காரர் இச்செருப்பிலிருந்து பெறலாம். கடையில் ஷூவை மாட்டிக்கொண்டு இரண்டடி நடந்ததும் பஞ்சு போல அமுங்கினால் அது நல்ல ஷூ என்று முடிவு செய்வது பெரும்பாலோரின் வழக்கம். விற்பனையாளரும் அதையே சொல்லி விற்கிறார். முழுக்க முழுக்க மென்மையான அடிப்பாகம் கொண்ட ஷூவில், ஒவ்வோர் அடியிலும் கணுக்கால் சிறிது தள்ளாடுகிறது. அதைச் சரிசெய்யத் தசைகள் உழைத்துக்கொண்டே இருப்பதால் கரடுமுரடான நிலத்தில் களைப்பு விரைவில் வருகிறது. எறியும்போது ஊன்றிய கால் நிலையாக நிற்பதில்லை. இத்தகைய அடிப்பாகங்களில் பெரும்பாலும் பயன்படும் இ.வி.ஏ. என்னும் நுரைப் பொருள், எடை குறைவானது, அதிர்ச்சியை நன்றாக வாங்குவது. ஆனால் நாளடைவில் அமுங்கிய இடத்தில் அமுங்கியபடியே தங்கிவிடும் குணமும் அதற்கு உண்டு. மேலே பாதத்தை ஒட்டி மென்மை, நடுவே ஓரளவு இறுக்கம், தரையை ஒட்டிக் கடினம் என்ற கரிகிரி அடுக்குமுறையே ஆட்டக்காரருக்கும் ஏற்றது.

தரையை ஒட்டிய கடினம் இப்பகுதியில் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்றன்று. ஏலகிரியின் சரிவிலோ, ஜவ்வாது மலையின் அடிவாரத்திலோ, ஏரிக்கரையிலோ, பாலாற்றின் வறண்ட படுகையிலோ நடக்கும் எவரும் முதலில் சந்திப்பது சீமைக்கருவேலத்தைத்தான். அதன் காய்ந்த முள் ஹவாய் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறுவது கிராமத்தார் அனைவரும் அறிந்த அனுபவம்; ஓட்டப்பந்தய ஷூக்களில், எடையைக் குறைப்பதற்காகப் பல இடங்களில் ரப்பரே இல்லாமல் நுரைப் பொருளைத் தரையில் படும்படி விட்டிருப்பார்கள் என்பதால், விலை உயர்ந்த ஷூவும் இம்முள்ளிடம் ஹவாய் செருப்பைப் போலவே தோற்கும். நெருஞ்சி முள்ளோ ஷூவின் துணிப் பகுதியிலும் சாக்ஸிலும் ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே ஷூவைத் திருப்பிப் பார்த்து, பாதத்தின் நீளம் முழுவதும் இடைவெளியின்றி ரப்பர் தகடு ஓடுகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதில் உள்ள பற்கள், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுகள், நடுத்தர உயரமாக இருந்தால் போதும். மிக உயர்ந்த பற்கள் சேற்றுக்கு நல்லவை, ஆனால் கெட்டியான செம்மண்ணிலும் பாறையிலும் தள்ளாட்டம் தருபவை, சிமென்ட் தளத்தில் எறியும்போது காலைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்பவை. குதிகாலுக்கு அடியில் பற்கள் சற்றுத் தட்டையாகவோ வட்டமாகவோ அமைந்த ஷூவே இவ்வாட்டத்துக்கு உகந்தது.

அடிப்பாகத்துக்கு மேலே உள்ளதை இத்தொழிலில் அப்பர் என்பார்கள். இங்கேதான் இந்தத் தோல் ஊர்களின் சொந்த அறிவு வருகிறது. இவ்வட்டாரத்தின் பழைய பதனிடும் முறை ஆவாரம் பட்டை, கொன்றைப் பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் துவர்ப்புச் சாற்றில் தோலை வாரக்கணக்கில் ஊறவைப்பது. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை ஆவாரத்தின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. ஆங்கிலேயர் காலத்தில் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியே கப்பலேறியது இத்தகைய பாதி பதனிட்ட தோல்தான். குரோமியம் உப்பைக் கொண்டு ஓரிரு நாளில் பதனிடும் முறையை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சோதித்துப் பரப்பினார். சென்னையை அடுத்த குரோம்பேட்டை தன் பெயரைக் குரோம் தோல் நிறுவனம் ஒன்றிடமிருந்தே பெற்றது. 1972இல் சீதாராமையா குழு, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி முழுமையாக்கிய தோலுக்கும் தோற்பொருளுக்கும் ஊக்கம் தரப் பரிந்துரைத்தது. அதற்குப் பிறகு ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் பெருகின. டேனரிகளின் ஊர் ஷூக்களின் ஊராயிற்று.

பட்டையால் பதனிட்டதும் குரோமியத்தால் பதனிட்டதுமான இவ்விரண்டு தோல்களும் காலில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. பட்டையால் பதனிட்ட தோல் கெட்டியானது, வியர்வையை உறிஞ்சி மெல்ல வெளிவிடுவது, அணிபவரின் பாதத்தின் வடிவத்தை நாளடைவில் தன்மேல் வாங்கிக்கொள்வது. ஆனால் நீரில் நனைந்து சூட்டில் காய்ந்தால் சுருங்கி விறைப்பது. குரோம் தோல் மெல்லியது, வளைவது, கொதிநீர் வெப்பத்தையும் ஏறத்தாழ தாங்குவது, நனைந்தாலும் விரைவில் பழைய நிலைக்கு வருவது. எனவே அப்பருக்குக் குரோம் தோலும், காலுக்கு அடியில் படும் உள்தகட்டுக்குப் பட்டைத் தோலும் என்ற பழைய பங்கீடு இன்றும் பொருள் உள்ளதே. ஐரோப்பிய ஒன்றியம், தோலைத் தொடும் தோற்பொருள்களில் ஆறாம் இணைதிறன் கொண்ட குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2015 மே முதல் விதித்திருப்பதால், ஏற்றுமதிக்கான தோல் இந்தச் சோதனையைக் கடந்தாக வேண்டும்; உள்ளூர்ச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், பதனிட்ட இடம் தெரியாத தோலுக்கு அத்தகைய காவல் இல்லை. குரோமியத்தால் அரிப்பு வருபவர்கள் சாக்ஸ் இல்லாமல் தோல் காலணி அணியாதிருப்பது நல்லது.

வேலூரின் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தோல் ஷூவா என்று கேட்பது நியாயமே. முழுக்க வலைத்துணியால் ஆன அப்பர் காற்றோட்டமானது, எடையற்றது, நனைந்தால் விரைவில் காய்வது. ஆனால் முள் கிழிப்பதும், எறியும்போது பின்னங்காலின் விரல்முனை தரையில் இழுபட்டுத் தேய்வதும் அதை ஒரே பருவத்தில் கந்தலாக்கிவிடும். இவ்வாட்டத்தில் ஷூ முதலில் பழுதாகும் இடம் குதிகாலோ நடுப்பாகமோ அன்று, விரல்முனைதான். ஆகவே விரல்முனையிலும் பக்கங்களிலும் தோலோ ரப்பரோ கவசமாக அமைந்து, மேற்பக்கத்திலும் நாக்குப் பகுதியிலும் வலைத்துணி வைத்த கலப்பு அப்பரே இவ்வெப்பத்துக்கு ஏற்ற சமரசம். குளிர்நாட்டு ஆட்டக்காரர்கள் காலைப் பனியில் நனைந்த புல்லுக்காக விரும்பி வாங்கும் நீர்புகாச் சவ்வு வைத்த ஷூவை இங்கே வாங்குவது பெரும்பாலும் வீண். வெளியே இருந்து நீர் புகாத ஷூ உள்ளே ஊறும் வியர்வையையும் எளிதில் வெளியேற்றாது, ஊறிய தோலே விரைவில் கொப்புளிக்கும். கொப்புளம் வெறும் அழுத்தத்தால் வருவதன்று, தோலின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று இழுபடுவதால் வருவது. ஈரம் அந்த இழுபாட்டைக் கூட்டுகிறது.

எந்தப் பொருளால் செய்தாலும் ஷூவின் வடிவத்தைத் தீர்மானிப்பது லாஸ்ட். பாதத்தின் வார்ப்பைப் போன்ற கட்டையான இதன்மேல் அப்பரை இழுத்துப் பொருத்தித்தான் ஷூ உருவாகிறது. கட்டை யாருடைய பாதத்தைப் போன்றதோ ஷூவும் அவருக்கே பொருந்தும். ஆம்பூரின் பெரிய ஷூ கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்காக அவர்களுடைய கட்டைகளிலேயே தைத்து வருகின்றன. இந்தியப் பாதமோ பொதுவாக அகலமானது. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையில் நாட்டின் ஐந்து மண்டலங்களில் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தபோது, இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானது என்பது உறுதியாயிற்று. அதன் அடிப்படையில் ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கென எட்டு அளவுகள் கொண்ட முறை முன்மொழியப்பட்டது.

இதன் நடைமுறை விளைவை வாங்குபவர் பலரும் உணராமலேயே அனுபவிக்கின்றனர். அகலம் போதாததால் ஒரு அளவு பெரிதாக வாங்குகிறார்கள். அகலம் சரியாகிறது, நீளம் மிஞ்சுகிறது. மிஞ்சிய நீளத்தில் பாதம் முன்பின் வழுக்குகிறது. இறக்கத்தில் விரல் நகம் முன்புறம் இடிக்கிறது. ஷூ வளையும் இடமும் பாதம் வளையும் இடமும் வேறாகின்றன. சமநிலத்தில் பேருந்து நிறுத்தம் வரை நடப்பவருக்கு இது பெரிய தொல்லையன்று. ஊன்றிய காலில் உடல் முழுவதையும் சுழற்றும் ஆட்டக்காரருக்கு, ஷூவுக்குள் பாதம் ஒரு விரல் அகலம் நகர்வதே கொப்புளத்துக்கும் சுளுக்குக்கும் போதுமானது. பிரிட்டிஷ் முறையில் ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர், ஐரோப்பிய முறையில் சுமார் 6.7 மில்லிமீட்டர். எனவே ஒரு ஷூவில் இரண்டு எண்களும் அச்சிடப்பட்டிருந்தாலும் அவை துல்லியமாக ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. எண்ணைக் காட்டிலும், பிரிட்டிஷ் நிறுவனங்கள் அகலத்துக்கு இடும் எஃப், ஜி, எச் போன்ற எழுத்துகளைப் பார்ப்பது பயன்தரும். எழுத்து ஏற ஏற அகலம் கூடும். நடந்து கால் சற்று வீங்கிய மாலை வேளையில், ஆடும்போது போடும் அதே சாக்ஸுடன், நின்றபடி போட்டுப் பார்த்து, நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடமும், குதிகாலில் அசைவின்மையும் இருப்பதை உறுதி செய்தபின் எண்ணை மறந்துவிடலாம்.

ஆம்பூரில் சென்னை, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய கடைகளில், ஏற்றுமதியில் மீந்ததும் சிறு குறைக்காகத் தள்ளப்பட்டதுமான ஷூக்கள் விற்பனைக்கு வருவதுண்டு. தோலும் தையலும் விலைக்கு மீறிய தரத்தில் கிடைக்கும் இடம் இது என்பதில் ஐயமில்லை. எனினும் அங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, முன்னர்ச் சொன்ன குறுகலான கட்டை. மற்றொன்று, பாலியூரித்தேன் அடிப்பாகம். பி.யூ. என்று கடைக்காரர்கள் சுருக்கிச் சொல்லும் இப்பொருள் காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து தன் பிணைப்புகளை இழக்கிறது. பெட்டியில் பல ஆண்டுகள் கிடந்த ஷூ, பார்வைக்குப் புதிதாக இருந்தும், போட்டு நடந்த முதல் நாளிலேயே அடிப்பாகம் அதிரசம் போல உதிர்வது இதனால்தான். அணியாமல் பத்திரமாக வைத்திருந்தால் ஷூ நீடிக்கும் என்ற எண்ணம் இப்பொருளுக்குப் பொருந்தாது. அடிப்பாகத்தை நகத்தால் அழுத்தினால் பள்ளம் மீளாமல் நின்றாலோ, ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட வேண்டியதுதான். வெளி அடிப்பாகம் ரப்பராக இருப்பது இந்தக் கவலையைப் பெருமளவு குறைக்கும்.

அப்பரை அடிப்பாகத்தோடு சேர்க்கும் முறைதான் ஆயுளை நிர்ணயிக்கும் மற்றொரு கூறு. பெரும்பாலான ஷூக்கள் இன்று பசையால் மட்டும் ஒட்டப்படுகின்றன. எறியும்போது வரும் பக்கவாட்டு இழுப்பு இந்த ஒட்டையே முதலில் சோதிக்கிறது. புது ஷூ வாங்கியதும் தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு தையல் போட்டு வாங்கும் தமிழ்நாட்டு வழக்கம் நல்ல அறிவு. ஆனால் நூல் தரையில் படும்படி தைத்தால் சிமென்ட் தளத்தில் சில நாளிலேயே தேய்ந்து அறும் என்பதால், அடிப்பாகத்தில் சிறு வாய்க்கால் கீறி நூலை அதற்குள் அமிழ்த்தித் தைக்கச் சொல்ல வேண்டும். ஓரத்தில் ஒரு தோற்பட்டையை இணைத்து அதன் வழியே அடிப்பாகத்தைத் தைக்கும் குட்இயர் வெல்ட் முறை, அடிப்பாகத்தைப் பலமுறை மாற்ற இடம் தருவது, ஆயுளில் ஈடற்றது. ஆனால் அதன் எடையும் விறைப்பும் நாள் முழுதும் நடந்து ஆடுபவருக்குச் சுமை. இங்கே ஆயுளைச் சற்று விட்டுக்கொடுப்பதே சரி.

ஆயுள் என்பதற்கு வேறொரு கணக்கும் உண்டு. அப்பரைக் கையால் தைக்கும் மொக்காசின் வகை ஷூக்களில், அந்தத் தையலின் பெரும் பங்கு ஆம்பூரைச் சுற்றிய ஊர்களின் வீட்டுத் திண்ணைகளில், ஜோடிக் கணக்கில் மிகக் குறைந்த கூலி பெறும் பெண்களால் செய்யப்படுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். தோலைப் பதனிட்ட கழிவுநீர் பாலாற்றையும் அதன் கரைக் கிணறுகளையும் கெடுத்ததைக் குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அதே பாதிப்புக்கான ஈட்டுத்தொகையைப் பற்றி 2025 ஜனவரியிலும் அந்நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. விரைவில் கிழியும் ஷூவை ஆண்டுதோறும் மாற்றுபவர் இந்தக் கூலியையும் இந்த ஆற்றையும் கணக்கில் சேர்ப்பதில்லை. தோலைத் தவிர்த்தால் கணக்கு தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. செய்யாற்றில் விளையாட்டு ஷூக்களைச் செய்யும் பெரிய ஆலைகள் வந்ததிலிருந்தும், 2022இல் மாநில அரசு காலணிக்கும் தோற்பொருளுக்கும் எனக் கொள்கை வெளியிட்டதிலிருந்தும் இவ்வட்டாரமே நான்-லெதர் பக்கம் நகர்ந்து வருகிறது. நுரையும் செயற்கைத் துணியுமான அந்த ஷூவைப் பழுது பார்க்கத் தெருமுனைத் தொழிலாளியால் பெரும்பாலும் முடிவதில்லை.

வாங்கிய பிறகான பராமரிப்பு எளிது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த தோல் ஷூவை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் விறைத்து வெடிக்கும். உள்தகட்டை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் தாளை மாற்றி, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். வியர்வையின் உப்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மெழுகு கலந்த பாலிஷைத் தேய்க்கலாம். இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் தனித்தனியே உழைப்பதைவிட அதிக நாள் வரும், ஏனெனில் ஊறிய ஈரம் முழுமையாக வெளியேற ஓர் இரவு போதாது. கரிகிரியில் நோயாளிகளுக்குக் கற்றுத் தரப்படும் பழக்கம் ஒன்றையும் ஆட்டக்காரர் கடைப்பிடிக்கலாம்: ஒவ்வொரு நாள் மாலையிலும் பாதத்தைத் தடவிப் பார்த்து, சூடாகவோ சிவந்தோ உள்ள இடத்தைக் கண்டறிந்து, ஷூவில் அந்த இடத்துக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. அப்படியே ஷூவையும் திருப்பி, அடிப்பாகத்தில் ஒடிந்து நிற்கும் சீமைக்கருவேல முள்ளின் நுனிகளை இடுக்கியால் பிடுங்கிவிட வேண்டும். இன்று ரப்பரிலேயே நின்றுவிட்ட நுனி, நடக்க நடக்க மேலேறி, அடுத்த வாரம் உள்தகட்டைத் தாண்டிவிடும்.